இரண்டு ஏஏ பேட்டரியில் வருடக்கணக்கில் ஓடும் வெப்பநிலை சென்சார்: ஏடிமெகா328பி-யைத் தூங்க வைக்கும் முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் செய்த பேட்டரி சென்சார் மூன்று வாரம் கூடத் தாங்கவில்லை. ஒரு ஆர்டுயினோ ப்ரோ மினி போர்டு (அதன் மூளை ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்), ஒரு வயர்லெஸ் மாட்யூல், 10 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை அனுப்பும் சின்ன புரோகிராம், அவ்வளவுதான். அனுப்பி முடித்ததும் 'டிலே' போட்டுக் காத்திருக்கும். 17-வது நாள் பேட்டரி காலி. ரேடியோதான் பேட்டரியைக் குடிக்கிறது என்று நினைத்து, அனுப்பும் இடைவெளியை 20 நிமிடமாக்கினேன். மறுபடியும் அதே 17 நாள்.

அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல ஆல்கலைன் ஏஏ பேட்டரியின் கொள்ளளவு சுமார் 2000 மில்லிஆம்ப்-மணி. இரண்டைத் தொடராக இணைத்தால் மின்னழுத்தம்தான் கூடும், கொள்ளளவு அதே 2000தான். சும்மா காத்திருக்கும்போதே அந்த போர்டு 5 மில்லிஆம்ப் எடுத்துக்கொண்டிருந்தது. 2000-ஐ 5-ஆல் வகுத்தால் 400 மணி நேரம், அதாவது 17 நாளுக்குக் கொஞ்சம் குறைவு. ரேடியோவுக்கு இதில் பங்கே இல்லை. வேலை செய்த நேரத்தில் அல்ல, வேலை இல்லாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் பேட்டரி கரைந்திருக்கிறது.

அந்த 5 மில்லிஆம்பை 6 மைக்ரோஆம்புக்குக் கொண்டுவருவதுதான் இங்கே நம் வேலை. ஏறக்குறைய 800-ல் ஒரு பங்கு. மந்திரம் எதுவும் தேவையில்லை. தேவையில்லாததை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். அளக்காமல் அணைத்தால் எது பலன் தந்தது என்றே தெரியாது.

என்னென்ன வேண்டும்

28 கால்கள் உள்ள டிஐபி வடிவ ஏடிமெகா328பி சிப் ஒன்று. பெயரின் கடைசியில் 'பி' இருக்கிறதா என்று பாருங்கள். தூங்கும்போது பிரவுன்-அவுட் காவலை (மின்னழுத்தம் அளவுக்குக் கீழே விழுந்தால் சிப்பை ரீசெட் செய்யும் பகுதி) அணைக்கும் வசதி 'பி' உள்ள சிப்பில்தான் உண்டு. இத்துடன் என்ஆர்எஃப்24எல்01 பிளஸ் ரேடியோ மாட்யூல் இரண்டு (அனுப்ப ஒன்று, பெற ஒன்று), 25 டிகிரியில் 10 கிலோஓம் காட்டும் என்டிசி தெர்மிஸ்டர் (சூடு ஏற ஏற மின்தடை குறையும் பாகம்), 1 சதவீதத் துல்லியமுள்ள 10 கிலோஓம் ரெசிஸ்டர்கள் மூன்று, 100 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டர்கள் மூன்று, 10 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் இரண்டு, ஒரு புஷ் பட்டன், இரண்டு ஏஏ பேட்டரிக்கான ஹோல்டர். அளப்பதற்கு மல்டிமீட்டர், 1 கிலோஓம் ரெசிஸ்டர், 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். புரோகிராம் ஏற்றுவதற்கும் பெறும் முனைக்கும் ஒரு ஆர்டுயினோ ஊனோ.

ரெடிமேட் போர்டு ஏன் வேண்டாம்? அதில் எப்போதும் எரியும் பவர் எல்இடி ஒன்று இருக்கும். அதோடு ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர். சிப் எவ்வளவு ஆழமாகத் தூங்கினாலும் இவை இரண்டும் தூங்காது. எல்இடியைப் பிடுங்கி ரெகுலேட்டரைக் கழற்றிப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் சரியான வழிதான். ஆனால் வெறும் சிப்பை பிரெட்போர்டில் வைத்தால் எந்த மின்னோட்டம் எங்கே போகிறது என்பது மறைவில்லாமல் தெரியும். முதல்முறை செய்பவருக்கு அதுதான் நல்லது.

வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20 போன்ற டிஜிட்டல் சென்சாரை எடுக்காததற்கும் காரணம் இருக்கிறது. அதற்குக் குறைந்தது 3.0 வோல்ட் வேண்டும். புது ஏஏ பேட்டரி இரண்டு சேர்ந்து 3 வோல்டுக்குச் சற்று மேலே தொடங்கி, கடைசியில் 2 வோல்டை நோக்கி இறங்கும். பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே சென்சார் தன் எல்லைக்கு வெளியே போய்விடும். தெர்மிஸ்டருக்கு அந்தக் கவலை கிடையாது.

இணைப்பு

சிப்பின் 7-வது கால் மின்சாரம், 8-வது கால் தரை. 20-வது கால் அனலாக் பகுதிக்கான மின்சாரம், 22-வது கால் அதன் தரை. அனலாக் பகுதியைப் பயன்படுத்தாவிட்டாலும் இவற்றை இணைத்தே தீர வேண்டும். 7-க்கும் 8-க்கும் நடுவில் ஒன்று, 20-க்கும் 22-க்கும் நடுவில் ஒன்று, 21-லிருந்து தரைக்கு ஒன்று என மூன்று 100 நானோஃபாரட் கெபாசிட்டர்களையும் கால்களை ஒட்டியே செருகுங்கள். 1-வது கால் ரீசெட். அதிலிருந்து மின்சாரத்துக்கு ஒரு 10 கிலோஓம்.

ரேடியோவின் சிஇ கால் 15-க்கும், சிஎஸ்என் 16-க்கும், மோசி 17-க்கும், மிசோ 18-க்கும், எஸ்சிகே 19-க்கும் போகும். 16-வது கால் சிப்பின் எஸ்எஸ் காலும் கூட. அது அவுட்புட்டாக இருந்தால்தான், சிப்பும் ரேடியோவும் பேசிக்கொள்ளும் எஸ்பிஐ இணைப்பில் சிப் மாஸ்டராக நிலைத்து நிற்கும். அதனால் சிஎஸ்என்-ஐ அங்கே வைத்துவிட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சிஎஸ்என்-லிருந்து மின்சாரத்துக்கு ஒரு 10 கிலோஓம் கொடுங்கள், சிப் ரீசெட்டில் இருக்கும்போது ரேடியோ குறுக்கே பேசாது. 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை ரேடியோ மாட்யூலின் மின்சாரக் கால்களுக்கு நடுவிலேயே சால்டர் செய்துவிடுங்கள். இந்த மாட்யூல் 'வேலை செய்யவே மாட்டேன் என்கிறது' என்று கேட்கும் புலம்பல்களில் பாதி இந்த ஒரு கெபாசிட்டரில் தீர்ந்துவிடும்.

தெர்மிஸ்டருக்கு 13-வது காலிலிருந்து 10 கிலோஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையில் தெர்மிஸ்டர், அதன் அடுத்த முனை தரைக்கு. இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து 23-வது காலுக்கு ஒரு வயர். பட்டன் 4-வது காலுக்கும் தரைக்கும் நடுவில்.

தெர்மிஸ்டருக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக வரவில்லை, சிப்பின் ஒரு காலிலிருந்து வருகிறது. நேராக இணைத்திருந்தால் 3 வோல்ட், 20 கிலோஓம், 150 மைக்ரோஆம்ப் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். காலிலிருந்து கொடுத்தால், அளக்கும் அந்த ஒரு மில்லிநொடிக்கு மட்டும் ஓடும்.

புரோகிராம் ஏற்றுவது

ஊனோவில் 'ஆர்டுயினோ ஆஸ் ஐஎஸ்பி' என்ற உதாரண ஸ்கெட்ச்சை ஏற்றுங்கள். ஊனோவின் 10, 11, 12, 13 பின்களை முறையே சிப்பின் 1, 17, 18, 19 கால்களுக்கு இணையுங்கள். சிப்புக்கான மின்சாரமும் தரையும் இப்போது ஊனோவிலிருந்தே வரட்டும். ஊனோவின் ரீசெட்டுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்தால் நடுவில் அது தானாக ரீசெட் ஆகாது. அப்புறம் மினிகோர் என்ற போர்டு தொகுப்பை நிறுவி, ஏடிமெகா328பி, உள் ஆஸிலேட்டர் (சிப்புக்குள்ளேயே இருக்கும் கடிகாரம்), 1 மெகாஹெர்ட்ஸ், பிரவுன்-அவுட் 1.8 வோல்ட் என்று தேர்ந்தெடுத்து 'பர்ன் பூட்லோடர்' கொடுங்கள். ஃபியூஸ்கள், அதாவது சிப்பின் அடிப்படை அமைப்புகள், எழுதப்பட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஊனோ கொடுப்பது 5 வோல்ட், ரேடியோ தாங்குவது 3.6 வோல்ட் வரைதான். புரோகிராம் ஏற்றும்போது ரேடியோவையும் பேட்டரியையும் கழற்றிவிட வேண்டும். ஒரு மாட்யூலை இழந்த பிறகுதான் எனக்கு இது பழக்கமானது.

1 மெகாஹெர்ட்ஸ் போதுமா என்று கேட்கலாம். இந்த சிப் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அப்படித்தான் வருகிறது. 8 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரை 8-ஆல் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். 4 மெகாஹெர்ட்ஸ் வரை 1.8 வோல்டிலேயே பத்திரமாக ஓடும். 8-க்குப் போனால் 2.4 வோல்டாவது வேண்டும், 16-க்குப் போனால் இரண்டு பேட்டரியை மறந்துவிடலாம். ரேடியோவின் கீழ் எல்லை 1.9 வோல்ட். ஆக 1 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் பேட்டரியைக் கிட்டத்தட்ட அடிவரை உறிஞ்சலாம். 10 நிமிடத்துக்கு ஒருமுறை 8 பைட் அனுப்பும் சிப்புக்கு அவசரம் எதுவும் இல்லை.

ஃபியூஸில் கைதவறி 'வெளி கிரிஸ்டல்' என்று போட்டுவிட்டால் சிப் செத்ததுபோல் கிடக்கும். தூக்கி எறிய வேண்டாம். இன்னொரு போர்டின் ஒரு பின்னிலிருந்து சதுர அலையை 9-வது காலுக்குக் கொடுத்தால், அதையே கடிகாரமாக எடுத்துக்கொண்டு எழுந்துவிடும். ஃபியூஸை மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

தூங்க வைக்கும் வரிசை

இந்த சிப்பில் ஆறு வகைத் தூக்கம் உண்டு. நமக்கு வேண்டியது 'பவர்-டவுன்' மட்டும். அதில் எல்லாக் கடிகாரமும் நிற்கும். எழுப்புவதற்கு இரண்டு வழி வைத்துக்கொள்வோம். ஒன்று, தனியாக ஓடிக் குறித்த நேரத்தில் எழுப்பும் வாட்ச்டாக் டைமர். இன்னொன்று, காலின் நிலை மாறியதும் சிப்பை அழைக்கும் பின்-சேஞ்ச் இன்டரப்ட், அது பட்டனுக்கு.

வாட்ச்டாக்கின் மிக நீண்ட இடைவெளி 8 நொடி. 10 நிமிடம் வேண்டுமென்றால் 75 முறை எழுந்து, ஒரு எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு, மறுபடி படுக்க வேண்டும். வீணாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு எழுச்சியும் ஒரு மில்லிநொடியில் சிறு பகுதிதான், கணக்கில் கண்ணுக்கே தெரியாது. இந்த 8 நொடி துல்லியமானதல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வாட்ச்டாக்கின் தனி ஆஸிலேட்டர் வெப்பநிலைக்கும் மின்னழுத்தத்துக்கும் ஏற்ப நகரும். உங்கள் 10 நிமிடம் ஒன்பதரையாகவோ பத்தரையாகவோ இருக்கலாம். அறை வெப்பநிலைக்கு அது போதும், கடிகாரம் செய்வதற்கு ஆகாது.

படுக்கப்போகும் ஒவ்வொரு முறையும் வரிசை இதுதான்:

1. ரேடியோவை பவர்-டவுனுக்கு அனுப்புங்கள். ஆர்எஃப்24 நூலகத்தில் இதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அனுப்பி முடித்ததும் ரேடியோ தானாகத் தூங்காது, ஸ்டாண்ட்பையில் நிற்கும்.
2. தெர்மிஸ்டருக்கு மின்சாரம் தரும் காலைக் கீழே, அதாவது 0 வோல்டுக்கு, இறக்குங்கள்.
3. ஏடிசியை (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) அணையுங்கள், அதாவது ஏடிசிஎஸ்ஆர்ஏ ரெஜிஸ்டரில் 'ஏடன்' பிட்டைப் பூஜ்யமாக்குங்கள். சிப்பின் பகுதிகளைத் தனித்தனியே நிறுத்தும் பிஆர்ஆர் ரெஜிஸ்டரிலும் ஏடிசியை நிறுத்துவதானால், முதலில் ஏடன், பிறகுதான் பிஆர்ஆர். மாற்றிச் செய்தால் ஏடிசி 'ஆன்' நிலையிலேயே உறைந்துவிடும், நீங்கள் அணைத்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.
4. வாட்ச்டாக்கை இன்டரப்ட் நிலையில் 8 நொடிக்கு வையுங்கள், ரீசெட் நிலையில் அல்ல.
5. இன்டரப்ட்களை நிறுத்துங்கள். 'பவர்-டவுன்' தேர்ந்தெடுத்து, தூக்கத்தை அனுமதித்து, பிரவுன்-அவுட் காவலை அணைத்து, இன்டரப்ட்களைத் திறந்து, உடனே தூங்கும் கட்டளையைக் கொடுங்கள்.

ஐந்தாவதை ஒரு வரி பிசகாமல் எழுத வேண்டும். பிரவுன்-அவுட் காவலை அணைக்கும் அனுமதி மூன்று கடிகாரத் துடிப்புகளுக்கு மட்டுமே செல்லும். நடுவில் வேறு வேலை செய்தால் காலாவதியாகிவிடும், காவல் தூக்கத்திலும் விழித்திருக்கும். இன்டரப்டைத் திறந்த அடுத்த வரியிலேயே தூங்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. திறக்கும் கட்டளைக்கு அடுத்த ஒரு கட்டளை முடிந்த பிறகே காத்திருக்கும் இன்டரப்ட் உள்ளே வரும். அதனால் படுக்கும் நொடியில் பட்டன் அழுத்தப்பட்டாலும் அது தொலைந்துபோகாது. படுத்த உடனே எழுந்துவிடும்.

புரோகிராமின் தொடக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது. கடைசி ரீசெட் எதனால் நடந்தது என்பதைக் கொடிகளாக வைத்திருக்கும் எம்சியூஎஸ்ஆர் ரெஜிஸ்டரைப் படித்து வைத்துக்கொண்டு பூஜ்யமாக்கிவிடுங்கள். என்றாவது வாட்ச்டாக் ரீசெட் நேர்ந்தால், அதற்கான கொடி அழியும்வரை வாட்ச்டாக்கை அணைக்கவே முடியாது. சிப் ரீசெட் ஆகி ஆகிச் சுழன்றுகொண்டே இருக்கும்.

பயன்படுத்தாத கால்களை எல்லாம் அவுட்புட்டாக்கிக் கீழே இறக்கினால்தான் மின்சாரம் மிச்சமாகும் என்று பலரும் எழுதுகிறார்கள். விழித்திருக்கும் நேரத்துக்கு அது பொருந்தும். பவர்-டவுனில் அப்படியில்லை. இன்புட் கால்களின் உள்வாசலை சிப்பே பூட்டிவிடும், அந்தரத்தில் தொங்கும் கால் அங்கே கெடுதல் செய்யாது. இதற்கு விதிவிலக்கு, இன்டரப்டுக்காகத் திறந்து வைத்த கால். ஒருமுறை பட்டன் காலுக்கு உள் புல்-அப்பை (காலை மேலே இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) ஆன் செய்ய மறந்துவிட்டேன். மீட்டர் அமைதியாக 6 காட்டிக்கொண்டிருக்கும். மேசைப் பக்கம் கையைக் கொண்டுபோனால் நூற்றுக்கணக்கில் எகிறும், கையை எடுத்தால் இறங்கிவிடும். என் கையே ஆன்டெனாவாகி, சுவரில் ஓடும் மின்சாரத்தின் இரைச்சலை அந்தக் காலுக்குக் கொடுத்து, சிப்பை ஓயாமல் எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

புல்-அப் போட்ட பட்டன் திறந்திருக்கும்வரை செலவில்லை. ஆனால் பட்டனுக்குப் பதில் கதவில் வைக்கும் ரீட் சுவிட்ச் (காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்), அதுவும் எப்போதும் மூடியே இருக்கும் வகை என்றால், 20 முதல் 50 கிலோஓம் வரையுள்ள அந்தப் புல்-அப் வழியாக நாள் முழுக்க 60 முதல் 150 மைக்ரோஆம்ப் கசியும். அப்போது வெளியில் 1 மெகாஓம் வைத்துக்கொள்வது நல்லது.

எழுந்ததும் என்ன செய்வது

75-வது எண்ணிக்கையில் 13-வது காலை மேலே ஏற்றி, ஏடிசியை ஆன் செய்து, பேட்டரி மின்னழுத்தத்தையே ரெஃபரன்ஸாக வைத்து 23-வது காலைப் படிக்க வேண்டும். முதல் அளவைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த நான்கின் சராசரியை எடுங்கள்.

தெர்மிஸ்டருக்கு மின்சாரம் தருவதும் ஏடிசி ஒப்பிட்டுப் பார்ப்பதும் ஒரே பேட்டரி. 3.1 வோல்டில் இருந்தாலும் 2.1-க்கு இறங்கினாலும் விகிதம் மாறாது, வரும் எண்ணும் மாறாது. 25 டிகிரியில் இரண்டு மின்தடையும் சமம் என்பதால் 512 வரும். பீட்டா (வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை எவ்வளவு மாறும் என்பதைச் சொல்லும் எண்) 3950 உள்ள தெர்மிஸ்டரில் 30 டிகிரிக்கு மின்தடை சுமார் 8040 ஓமாகக் குறையும், எண் 456 ஆகும். 5 டிகிரிக்கு 56 படி, அதாவது ஒரு படி சுமார் 0.09 டிகிரி. தெர்மிஸ்டரின் சொந்தப் பிழை இதைவிடப் பெரிது, ஆகவே 10 பிட் ஏடிசியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

இந்த எண்ணை டிகிரியாக மாற்ற லாகரிதம் வேண்டும். அதை இங்கே செய்யாதீர்கள். எண்ணை அப்படியே அனுப்பிவிட்டு, சுவரில் செருகியிருக்கும் பெறும் முனையில் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அங்கே மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. முதலில் மின்தடை: 10000-ஐ எண்ணால் பெருக்கி, 1024 கழித்தல் எண்ணால் வகுக்க வேண்டும். பிறகு மின்தடையை 10000-ஆல் வகுத்து, இயல் லாகரிதம் எடுத்து, 3950-ஆல் வகுத்து, 1/298.15-உடன் கூட்டித் தலைகீழாக்கினால் கெல்வின். 273.15 கழித்தால் டிகிரி. பின்னாளில் தெர்மிஸ்டரை ஐஸ் தண்ணீரில் வைத்துச் சரிபார்த்து பீட்டாவைத் திருத்த நினைத்தால், பழைய அளவுகளையும் சேர்த்தே திருத்திக்கொள்ளலாம். மூல எண்ணை வைத்திருப்பதில் இது பெரிய லாபம்.

பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்பதை அறிய ஒரு பாகமும் வேண்டாம். சிப்புக்குள்ளேயே 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் ஒன்று இருக்கிறது. வழக்கமாக அதை வைத்து வெளியே இருப்பதை அளப்போம். இங்கே தலைகீழாக, பேட்டரியை ரெஃபரன்ஸாக்கி அந்த 1.1-ஐ அளக்கிறோம். 1.1-ஐ 1024-ஆல் பெருக்கி, வந்த எண்ணால் வகுத்தால் பேட்டரி மின்னழுத்தம். எண் 375 என்றால் 3.0 வோல்ட். அந்த 1.1 சிப்புக்கு சிப் 1.0 முதல் 1.2 வரை வேறுபடும். அதனால் ஒருமுறை மல்டிமீட்டரோடு ஒப்பிட்டு உங்கள் சிப்பின் உண்மையான மதிப்பைப் பெறும் முனையில் குறித்து வையுங்கள்.

ரேடியோவை எழுப்பும்போது அதன் கிரிஸ்டல் நிலைபெறச் சில மில்லிநொடி ஆகும். வேகத்தை நொடிக்கு 250 கிலோபிட்டாக வையுங்கள். வேகம் குறைந்தால் தூரம் கூடும். பிளஸ் இல்லாத பழைய சிப்பில் இந்த வேகம் கிடையாது. பாக்கெட்டில் முனையின் எண், பாக்கெட் எண்ணிக்கை, வெப்பநிலை எண், பேட்டரி எண் என்று 8 பைட்டில் முடித்துக்கொள்ளுங்கள். பாக்கெட் எண்ணிக்கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். எண் தாவினால் பாக்கெட் தொலைந்திருக்கிறது, பூஜ்யத்துக்குத் திரும்பினால் சிப் ரீசெட் ஆகியிருக்கிறது. மொட்டைமாடியில் வைத்த சென்சாருக்கு என்ன ஆனது என்பதை ஏணி வைத்து ஏறாமலே தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.

அளப்பது

பலரும் வழுக்கி விழும் இடம் இதுதான். மல்டிமீட்டரை மைக்ரோஆம்ப் நிலையில் பேட்டரியோடு தொடராக இணைப்பார்கள், சிப் ஓயாமல் ரீசெட் ஆகும், புரோகிராமில் தவறு தேடுவார்கள். தவறு மீட்டரில். பல மீட்டர்களில் மைக்ரோஆம்ப் நிலையின் உள் மின்தடை 100 ஓம் அளவில் இருக்கும். 6 மைக்ரோஆம்புக்கு அது ஒன்றுமே இல்லை. ரேடியோ அனுப்பும் நொடியில் 12 மில்லிஆம்ப் ஓடும்போது அதே 100 ஓமில் 1.2 வோல்ட் விழும். 3 வோல்டில் 1.2 போனால் மிச்சம் 1.8, ரேடியோவும் சிப்பும் சேர்ந்து கவிழும்.

நான் செய்வது இப்படி. பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவில் 1 கிலோஓம் ரெசிஸ்டர். சர்க்யூட் பக்கம் 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். மீட்டரை மில்லிவோல்ட் நிலையில் ரெசிஸ்டரின் இரு முனையில் வைக்கிறேன். 1 மில்லிவோல்ட் என்றால் 1 மைக்ரோஆம்ப், மனக்கணக்கே வேண்டாம். ரேடியோ கேட்கும் அந்தத் திடீர் மின்னோட்டத்தைக் கெபாசிட்டர் கொடுத்துவிடும். 12 மில்லிஆம்ப் 2 மில்லிநொடிக்கு என்றால் அதன் மின்னழுத்தம் 0.1 வோல்ட்தான் இறங்கும். முதலில் ரெசிஸ்டரைக் குறுக்கே ஒரு ஜம்பர் வயரால் இணைத்துவிட்டு சர்க்யூட்டைக் கிளப்புங்கள், சிப் தூங்கியதும் ஜம்பரைப் பிடுங்குங்கள்.

எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்கும் சொந்தக் கசிவு உண்டு. சிப்பை மாட்டாமல் அதை மட்டும் வைத்து அளந்து பாருங்கள். முதலில் பெரிதாகத் தொடங்கி மெல்ல இறங்கும். சில நிமிடம் விட்டு, நின்ற எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு வரும் அளவுகளிலிருந்து கழியுங்கள்.

சரி, எண் வந்துவிட்டது. அது 6 இல்லையென்றால்? எந்த எண் என்பதே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும். ஜம்பரைப் பிடுங்கியதுமே எல்லாம் கவிழ்ந்தால் மின்னோட்டம் மில்லிஆம்ப் கணக்கில் போகிறது என்று பொருள். அப்போது மீட்டரின் மில்லிஆம்ப் நிலையில் பாருங்கள். 13 பக்கம் இருந்தால் ரேடியோ கேட்கும் நிலையிலேயே நிற்கிறது. அரை மில்லிஆம்ப் பக்கம் என்றால் சிப் படுக்கவே இல்லை. 100 முதல் 300 மைக்ரோஆம்ப் என்றால் என் சந்தேகம் முதலில் ஏடிசி மேல், அடுத்து கீழே இறக்காமல் விட்ட தெர்மிஸ்டர் கால் மேல்.

25, 30 என்று வந்தால்தான் குழப்பம். பிரவுன்-அவுட் காவல் விழித்திருந்தால் சுமார் 20 கூடும், ரேடியோ ஸ்டாண்ட்பையில் நின்றால் 26 கூடும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ரேடியோவைக் கழற்றிவிட்டு அளப்பதுதான் சுலபம். அதே பெயரில் நகல் சிப் வைத்த மாட்யூல்களும் நிறையப் புழங்குகின்றன. டேட்டாஷீட் 0.9 மைக்ரோஆம்ப் என்று சொன்னாலும், கையில் இருப்பதை அளந்த பிறகுதான் நம்ப வேண்டும். என்னிடம் இருந்த ஐந்தில் ஒன்று, பவர்-டவுனிலும் பத்துக்கு மேல் எடுத்தது. அதைப் பெறும் முனைக்கு மாற்றிவிட்டேன்.

எண் 1-க்குக் கீழே வந்தால் குதிக்க வேண்டாம். வாட்ச்டாக் ஓடவில்லை, சிப் இனி தானாக எழாது.

கணக்கு

வாட்ச்டாக்கோடு தூங்கும் சிப் 3 வோல்டில் 4 முதல் 5 மைக்ரோஆம்ப், ரேடியோ 0.9. மொத்தம் 6 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் மறுமுயற்சிகளையும் தாராளமாகச் சேர்த்து 12 மில்லிஆம்ப் 20 மில்லிநொடிக்கு என்று போட்டால், 600 நொடிக்குப் பரப்பும்போது சராசரி 0.4 மைக்ரோஆம்ப்தான். அனுப்பும் இடைவெளியை இரட்டிப்பாக்கினால் மிச்சமாவது 0.2. நான் 10 நிமிடத்தை 20 ஆக்கியதும் ஒன்றும் நடக்காததற்குக் காரணம் இப்போது தெரிகிறதல்லவா?

2000 மில்லிஆம்ப்-மணியை 6.4 மைக்ரோஆம்பால் வகுத்தால் 35 வருடம் வருகிறது. நம்பாதீர்கள். ஆல்கலைன் பேட்டரி சும்மா வைத்திருந்தாலே ஆண்டுக்கு 2 சதவீதம் போலத் தானாகக் கரையும். 2000-ல் 2 சதவீதம் 40, அதை ஓராண்டின் 8760 மணி நேரத்தால் வகுத்தால் சுமார் 4.6 மைக்ரோஆம்ப். நம் சர்க்யூட் எடுப்பதும் பேட்டரி தானாக இழப்பதும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்துவிட்டன. வாட்ச்டாக்கை விட்டுவிட்டு வெளியில் நானோஆம்ப் டைமர் சிப் வைத்து இன்னும் குறைக்கலாம்தான். ஏஏ பேட்டரிக்கு அது வீண் வேலை, அதற்குள் பேட்டரியின் ஆயுளே முடிந்து கசியத் தொடங்கியிருக்கும். 220 மில்லிஆம்ப்-மணி கொள்ளளவுள்ள சிஆர்2032 காசு பேட்டரிக்கு மாறுவதானால் அந்த முயற்சிக்குப் பலன் உண்டு. ஆனால் அந்த பேட்டரியின் உள் மின்தடை அதிகம் என்பதால் ரேடியோவுக்குப் பக்கத்தில் 100 மைக்ரோஃபாரடாவது வைக்க வேண்டும்.

வெளியில் வைப்பதற்கு முன்

ஒரு ராத்திரி மேசையிலேயே ஓடவிட்டு, காலையில் பாக்கெட் எண்ணிக்கையைப் பாருங்கள். அப்புறம் பெறும் முனையை அணைத்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். பதில் வராதபோது ரேடியோ 15 முறை மறுபடி முயலும். அதுவே 30 மில்லிநொடிக்கு மேல் பிடிக்கலாம், நாம் தாராளமாகப் போட்ட 20-ஐத் தாண்டிவிடும். ஒரு நாளுக்கு இது பொருட்டல்ல. ஆனால் 'பதில் வரும்வரை விடாமல் அனுப்பு' என்று நீங்களாக ஒரு லூப் எழுதியிருந்தால், பெறும் முனையில் மின்சாரம் போன இரவிலேயே 12 மில்லிஆம்ப் வீதம் பேட்டரி தீரத் தொடங்கும், ஒரு வாரத்தில் காலியாகிவிடும். தொடர்ந்து நான்கு பாக்கெட்டுக்குப் பதில் இல்லையென்றால் இடைவெளியை ஒரு மணி நேரமாக்கிவிடுமாறு எழுதியிருக்கிறேன். பதில் கிடைத்ததும் பழையபடி 10 நிமிடத்துக்குத் திரும்பிவிடும்.